"ஜவான் மனசு உடைஞ்சிடும்"னு சொல்றாங்களா? போர் நேரத்துல கேள்வி கேக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 மே மாசம் பாகிஸ்தான் பார்டர்ல சண்டை நடந்த அந்த நாலு நாள்ல எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல தம்பி பொண்ணு ஒரு மெசேஜ் போட்டா. ஜம்மு காஷ்மீர்ல பூஞ்ச் பக்கம் ஷெல் விழுந்து ஜனங்க செத்துட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு இல்லையா, அதை வெச்சு "அங்க இருக்கறவங்கள முன்கூட்டியே ஏன் வெளிய கூட்டிட்டு வரல"ன்னு கேட்டிருந்தா, அவ்ளோதான். அஞ்சு நிமிஷத்துல ஆளாளுக்கு வந்துட்டாங்க, இந்த நேரத்துல பேசற பேச்சா இது, எல்லையில நிக்கற ஜவான் இதைப் படிச்சா அவன் மனசு என்ன ஆகும், அப்படின்னு. பாவம் காலேஜ் படிக்கற பொண்ணு, பயந்துபோய் டெலீட் பண்ணிட்டா.

அந்த குரூப்ல யூனிஃபார்ம் போட்ட ஆளு ஒருத்தர்தான், எங்க பெரியப்பா. வேலூர் பக்கம் எங்க ஊர்ல தெருவுக்கு நாலு வீட்டுல பட்டாளத்துக்காரங்க உண்டு, அவரும் பதினேழு வருஷம் சர்வீஸ் போட்டு ஹவில்தாரா வந்தவரு, 1987ல இந்திய அமைதிப்படையில இலங்கைக்கு போனவரு. குரூப்ல ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி அந்தப் பொண்ணுக்கே நேரா போன் போட்டு "ஏம்மா அழிச்ச, நல்ல கேள்விதான அது"ன்னு கேட்டிருக்காரு.

அதுக்கப்புறம்தான் நான் இந்த விஷயத்தை உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன். போர் நேரத்துல எதிர்த்துப் பேசினா சிப்பாய் மனசு உடையும்ங்கறது நிஜமா, நிஜம்னா எப்போ, எந்த மாதிரி பேச்சு உடைக்கும், எது உடைக்காது, இதையெல்லாம் நம்ம மாதிரி சாதாரண ஆளு எப்படி சரிபாக்கறது, நாம கேள்வி கேக்கணும்னா எப்படி கேக்கறது. படிச்சதையும் பெரியப்பாகிட்ட கேட்டதையும் சேர்த்து கீழ எழுதறேன். அடுத்த தடவை உங்க குரூப்ல இப்படி ஒரு சண்டை வந்தா உதவும்னு நெனைக்கறேன்.

மொதல்ல, ஒரே நேரத்துல இருந்த ரெண்டு எடத்தை வெச்சுப் பாருங்க

"எதிர்ப்புப் பேச்சாலதான் படை சோர்ந்து போச்சு"ன்னு யாராவது சொன்னா உடனே சண்டைக்குப் போகாதீங்க, ஒரு சின்ன வேலை பண்ணுங்க. அதே நாடு, அதே மாசம், அதே பேச்சு, ஆனா ரெண்டு வேற வேற எடத்துல இருந்த படை எப்படி நடந்துக்கிச்சுன்னு பாருங்க. பேச்சுதான் காரணம்னா ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி ஆகியிருக்கணும் இல்லையா.

நமக்கு இதுக்கு நல்ல உதாரணம் 1962. அக்டோபர் 20ந்தேதி சீனப்படை அடிச்சு உள்ள வருது. நம்ம பசங்க காட்டன் யூனிஃபார்மும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கிட்டு, கையில பழைய பாயின்ட் 303 ரைஃபிளோட பனியில நிக்கறாங்க. டெல்லியில பயங்கர எதிர்ப்பு, எதிர்க்கட்சி மட்டும் இல்ல காங்கிரஸ்காரங்களே கத்தறாங்க, பாதுகாப்பு மந்திரி கிருஷ்ணமேனன் போகணும்னு. மாசக் கடைசியில அவர்கிட்டேர்ந்து அந்த துறையை எடுத்துட்டாங்க, நவம்பர் 7ந்தேதி மந்திரிசபையை விட்டே போயிட்டாரு. வாஜ்பாய் அப்போ சின்ன வயசு எம்.பி., பார்லிமென்ட்டை கூட்டுங்கன்னு கேட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். நேரு நவம்பர் 8ந்தேதியே கூட்டிட்டாரு. சீனாக்காரன் இன்னும் நம்ம மண்ணுலதான் நிக்கறான், சண்டை முடியல, ஆனா சபையில ஒரு வாரம் பேசறாங்க, ஏன் ஷூ இல்ல, ஏன் துப்பாக்கி இல்ல, யாரு பொறுப்புன்னு நேரு மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. ரகசியக் கூட்டமா வெச்சுக்கலாம்னு யோசனை வந்தப்போ கூட நேரு ஒத்துக்கல, நாட்டு ஜனங்களுக்குத் தெரியட்டும்னுட்டாரு.

இப்போ பாருங்க, அந்த விவாதம் முடிஞ்சு சில நாள்லயே, நவம்பர் 18ந்தேதி. லடாக்ல ரெசாங் லான்னு ஒரு கணவாய், 16,000 அடிக்கு மேல. 13 குமாவோன் படையோட ஒரு கம்பெனி, 120 பேர் கிட்ட, மேஜர் ஷைத்தான் சிங் தலைமையில. கடைசி ரவுண்டு வரைக்கும் சுட்டாங்க. 110 பேருக்கு மேல அங்கேயே செத்தாங்க. அடுத்த வருஷம் பனி கொஞ்சம் விலகினப்புறம் போய்ப் பாத்தா பொணங்க அப்படியே ட்ரெஞ்சுல உறைஞ்சு போய் இருக்கு, கையில துப்பாக்கியை விடாம புடிச்சபடி. அடிபட்டவங்களுக்கு ஊசி போட்டுக்கிட்டிருந்த மருத்துவ உதவியாளர் கையில சிரிஞ்சு அப்படியே இருந்துச்சு. இதை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு கண்ணு கலங்கிடுது.

அதே ராத்திரி, அதே 17, 18ந்தேதி, நாட்டோட இன்னொரு கோடியில சே லான்னு இன்னொரு கணவாய். இன்னிக்கு அருணாச்சலத்துல இருக்கு. பெரிய பொசிஷன், சில ஆயிரம் பேர் இருக்கற ஒரு பிரிகேடே இருந்துச்சு, நின்னு அடிக்கக்கூடிய எடம். அங்க பெரிய சண்டை நடக்கறதுக்கு முன்னாடியே கைவிட்டுட்டு எறங்கிட்டாங்க. மேல இருக்கறவங்க கொடுத்த ஆர்டர்ல குழப்பம், நிக்கணுமா எறங்கணுமான்னே தெளிவில்ல, எறங்கற வழியில மடக்கி அடிச்சு ஏகப்பட்ட பேர் செத்தாங்க, பிடிபட்டாங்க.

ரெண்டு எடத்துக்கும் ஒரே பார்லிமென்ட்தான், ஒரே எதிர்க்கட்சிதான். ஒரு எடத்துல கடைசி ஆள் வரைக்கும் நின்னான், இன்னொரு எடத்துல கலைஞ்சு போச்சு. அப்போ சபையில பேசின பேச்சு காரணம்னு சொல்ல முடியுமா? கூட நிக்கற ஆபீஸர் மேல நம்பிக்கை, தெளிவான ஆர்டர், பக்கத்துல இருக்கறவன விட்டுட்டுப் போகக்கூடாதுங்கற எண்ணம், வித்தியாசம் அங்கதான் இருந்துச்சு. சே லாவுல எறங்கினவன் கோழைன்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படிப் படிக்காதீங்க, அவன் கைவிடப்பட்டவன்.

இன்னொண்ணும் சொல்லணும், அந்த கத்தலுக்கு அப்புறம்தான் பட்ஜெட்லேர்ந்து மலைச்சண்டைக்குன்னு தனி டிவிஷன் உருவாக்கறது வரைக்கும் எல்லாம் வேகமா நடந்துச்சு. 1965ல போன ஜவானுக்கு 1962 ஜவான விட நல்ல சாமான் கெடைச்சதுன்னா, யாரோ கேள்வி கேட்டதும் அதுல ஒரு காரணம்.

பேச்சு எந்தப் பக்கத்துலேர்ந்து எந்தப் பக்கம் போச்சு

இதுதான் ரொம்ப முக்கியமான சோதனைன்னு நான் நெனைக்கறேன். நாம எப்பவும் எப்படி கற்பனை பண்றோம்னா, ஊர்ல உக்காந்துக்கிட்டு எவனோ பேசறான், அது காத்துல பறந்து போய் எல்லையில நிக்கறவன் காதுல விழுது, அவன் சோர்ந்து போறான். ஆனா தேதி போட்டு வரிசையா எழுதிப் பாத்தா பல நேரம் தலைகீழா இருக்கு. மொதல்ல சோர்ந்தது அங்க இருக்கறவன். அவன் சொன்னதுதான் ஊருக்கு வந்து சேருது.

வியட்நாம் போர்லேர்ந்து ஒரு சம்பவம். 1969 மே 10ந்தேதி, லாவோஸ் எல்லைக்கிட்ட ஆப் பியான்னு ஒரு மலை, அமெரிக்க மேப்ல அதுக்கு பேரு ஹில் 937. 101வது ஏர்போர்ன் டிவிஷன் பசங்கள ஏறச் சொல்றாங்க. மேல பங்கர் தோண்டி உக்காந்திருக்கான் எதிரி. ஏறறாங்க, அடிபட்டு எறங்கறாங்க, மறுபடி ஏறச் சொல்றாங்க. மழை பெஞ்சு மலையே சேறா வழியுது. பத்து நாள், பத்து தடவைக்கு மேல. 70 பேர் கிட்ட செத்து, காயம்பட்டவங்க பல நூறு. இங்க மனுஷன அரைச்ச கறியா ஆக்கறாங்கன்னு சிப்பாய்ங்களே அந்த மலைக்கு ஹாம்பர்கர் ஹில்னு பேரு வெச்சுட்டாங்க. அங்க போன நிருபர் ஒருத்தர்கிட்ட மனசு விட்டு பேசறாங்க, கமாண்டர் மேல இருந்த கோவத்தையும் சேர்த்து. அது பேப்பர்ல வருது. அதுக்கு அடுத்த நாள், மே 20ந்தேதி, செனட்டர் எட்வர்ட் கென்னடி சபையில எழுந்து இது அர்த்தமே இல்லாத, பொறுப்பில்லாத செயல்னு பேசறாரு. அதே நாள்தான் மலை உச்சியையும் பிடிச்சாங்க.

உடனே என்ன சொன்னாங்கன்னு ஊகிச்சிருப்பீங்க. சண்டை நடக்கும்போது இப்படி பேசி சிப்பாய்ங்களை அவமானப்படுத்தறாருன்னு. ஆனா உச்சிக்குப் போன சிப்பாய்ங்கள்ல ஒருத்தன் சாப்பாட்டு ரேஷன் அட்டைப்பெட்டியைக் கிழிச்சு அதுல "ஹாம்பர்கர் ஹில்"னு எழுதி எரிஞ்சு போன மரத்துல மாட்டி வெச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கம் போன இன்னொருத்தன் அதுக்குக் கீழ எழுதினான், "இதுக்கு இவ்ளோ கொடுத்திருக்கணுமா?"ன்னு. அந்த அட்டையை எழுதினவனுக்கு செனட்டர் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்ல, அவன் கூட வந்தவன் கீழ சேத்துல கெடக்கறான். ஜூன் 5ந்தேதி, உச்சியைப் பிடிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ரெண்டு நாள்தான் ஆகியிருக்கு, அமெரிக்கப்படை அந்த மலையை விட்டுட்டு போயிடுச்சு, கொஞ்ச நாள்ல எதிரி திரும்ப வந்து உக்காந்துட்டான்.

அதனால நீங்க பண்ண வேண்டியது இதுதான். ஒரு பேப்பர்ல ரெண்டு கோடு போடுங்க. ஒரு பக்கம் படைக்குள்ள நடந்தது தேதியோட, இன்னொரு பக்கம் ஊர்ல பேசினது தேதியோட. எது முன்னாடி வந்துச்சுன்னு பாருங்க. வியட்நாம்ல இதை எழுதினா படைக்குள்ள நடந்த பக்கம் ரொம்ப நீளமா போகும். 1966லயே ஃபோர்ட் ஹூட்லேர்ந்து மூணு சிப்பாய்ங்க வியட்நாம் போகமாட்டோம்னு வெளிப்படையா சொல்லி ஜெயிலுக்குப் போனாங்க. 1967லேயே ஊர் திரும்பின வீரர்கள் போருக்கு எதிரா சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. கேம்ப் வாசல்ல காபி கடை வெச்சு அங்க உக்காந்து சிப்பாய்ங்களே ரகசியமா பத்திரிகை அடிச்சாங்க. சொந்த ஆபீஸர் மேலயே கையெறி குண்டு வீசற சம்பவம் ராணுவக் கணக்குலயே 1969ல 96, அடுத்த வருஷம் 209. 1971 ஏப்ரல்ல நூத்துக்கணக்கான வீரர்கள் வாஷிங்டன்ல கேபிடல் படிக்கட்டுல தாங்க வாங்கின மெடலையே தூக்கி வீசினாங்க. இவங்க மனசை எவனோ காலேஜ் பையன் கெடுத்துட்டான்னு சொல்றது அவங்களையே கேவலப்படுத்தற பேச்சு, அவங்களுக்கு சொந்தமா கண்ணும் புத்தியும் இல்லங்கற மாதிரி.

அதுக்காக ஊர்ல நடந்த போராட்டம் அவங்களை தொடவே இல்லன்னு சொல்ல மாட்டேன், தொட்டுச்சு. ஆனா ஆரம்ப வருஷங்கள்ல அங்க இருந்த சிப்பாய்ங்ககிட்ட போய்ப் பேசின சார்லஸ் மாஸ்கோஸ்ங்கற சமூகவியலாளர் பாத்தது என்னன்னா, பெரும்பாலானவங்களுக்கு போராட்டக்காரங்க மேல கோவம்தான் இருந்துச்சு. கோவம் வேற, மனசு உடையறது வேற. கோவம் வந்தவன் சில நேரம் இன்னும் கெட்டியா நிப்பான். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இது அப்படியே நடந்துச்சு, 1864 தேர்தல்ல எதிர்க்கட்சி இந்தப் போரே தோல்வின்னு அறிக்கையில எழுதிச்சு, சிப்பாய்ங்க ஓட்டுல 78 சதவீதம் போரை முடிச்சுட்டுத்தான் விடுவேன்னு சொன்ன லிங்கனுக்கு விழுந்துச்சு. முன்வரிசையில சாகப்போறவங்க போட்ட ஓட்டு அது.

எந்த மருந்துல சரியாச்சுன்னு பாருங்க

காய்ச்சலுக்கு காரணம் தெரியலன்னா எந்த மாத்திரைக்கு எறங்குச்சுன்னு பாத்தா ஓரளவு புரியும் இல்லையா, அதே மாதிரிதான்.

1917ல பிரான்ஸ், மொதல் உலகப் போர் நேரம். நிவேல்னு ஒரு ஜெனரல், ரெண்டு நாள்ல ஜெர்மன் வரிசையை ஒடைச்சுக் காட்டறேன்னு வாக்கு கொடுத்து ஏப்ரல் 16ந்தேதி ஆரம்பிச்சாரு. ஒடையல. செத்தவங்க, காயம்பட்டவங்க ஒரு லட்சத்துக்கு மேல, ஆனாலும் தாக்குதலை நிறுத்தல. அப்புறம் படையில பாதி டிவிஷன் கிட்ட கலகம். ஊரை விட்டுக்கொடுக்கறோம்னு அவங்க சொல்லல, அதைத்தான் கவனிக்கணும். ட்ரெஞ்சுல நிக்கறோம், ஜெர்மன்காரன் வந்தா அடிக்கறோம், ஆனா இந்த அர்த்தமில்லாத தாக்குதலுக்கு இனிமே ஏற மாட்டோம்னாங்க. சில படைங்க முன்வரிசைக்கு நடந்து போகும்போது ஆடு மாதிரி "மே மே"ன்னு கத்திக்கிட்டே போனாங்களாம், கசாப்புக்குப் போறோம்னு சொல்ற மாதிரி.

தளபதிங்க எல்லாரும் பாரிஸ்ல இருக்கற சமாதானக்காரங்க அடிச்ச நோட்டீஸாலதான் இப்படின்னு எழுதினாங்க. நிவேலுக்கு பதிலா வந்த பெட்டெய்னும் அந்தப் பத்திரிகைகளை அடக்கணும்னு கேட்டாரு. ஆனா படையை நிமித்தறதுக்கு அவர் கையால பண்ணது என்ன? நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஏழு நாள் லீவு கண்டிப்பா. நல்ல சாப்பாடு, ஒழுங்கான ஓய்வு. தானே டிவிஷன் டிவிஷனா போய் சிப்பாய்ங்ககிட்ட பேசினாரு. எல்லாத்துக்கும் மேல, வீணா ஆள் சாகற பெரிய தாக்குதலை நிறுத்திட்டாரு. மரண தண்டனை ஐநூறு பேருக்கு மேல விதிச்சாங்க, ஆனா நெஜமா சுட்டது அம்பதுக்கும் குறைவு. சில மாசத்துல படை நிமிந்துடுச்சு, அடுத்த வருஷம் அதே படைதான் ஜெர்மனியோட கடைசி தாக்குதல்களை தடுத்து நிறுத்திச்சு.

லீவுக்கும் சோத்துக்கும் நிமிந்த மனசுன்னா அது எதனால வளைஞ்சிருக்கும்?

இதைப் படிச்சுட்டு பெரியப்பாகிட்ட சொன்னேன், அவர் சிரிக்கல, ரொம்ப நேரம் தலையாட்டினாரு. "லீவுதான்டா. ஒருத்தனுக்கு லீவு கட்டாயிடுச்சுன்னா அந்த டென்ட்டே எழவு வீடு மாதிரி ஆயிடும்"னாரு.

நிஜமாவே வலிக்கற எடம்

நான் ஒரு பக்கமா எழுதறேன்னு நெனைச்சுடக் கூடாது. எதிர்ப்புப் பேச்சு சிப்பாயை நிஜமா குத்தின எடங்கள் இருக்கு, கேள்வி கேக்கறவங்க அதை ஒத்துக்கிட்டாத்தான் நம்ம பேச்சுக்கு மரியாதை.

ஒண்ணு, கைதியா மாட்டினவங்க. வடக்கு வியட்நாம்ல பிடிபட்ட அமெரிக்க விமானிகளுக்கு சிறையில ஸ்பீக்கர் வெச்சு அமெரிக்க போர் எதிர்ப்பாளர்கள் பேசினதையே போட்டுக்காட்டினாங்க. ஒரு பக்கம் சித்திரவதை, இன்னொரு பக்கம் சொந்த ஊர்க்காரங்க குரல். 1972 ஜூலையில நடிகை ஜேன் ஃபோண்டா ஹனோய் போய் ரேடியோவுல பேசினாங்க, அமெரிக்க பிளேனை சுடற பீரங்கி சீட்டுல உக்காந்து போட்டோவுக்கு சிரிச்சாங்க. போர் தப்புன்னு அவங்க சொன்னதுல நியாயம் இருந்திருக்கலாம், ஆனா அந்த பீரங்கி சீட்டு மன்னிக்கக் கூடியதா இல்ல பல வீரர்களுக்கு, 1988ல டிவியில மன்னிப்பு கேட்டாங்க, அப்பவும் ஆறல. நம்ம கேள்வியை நம்ம மந்திரிகிட்ட, நம்ம சபையில, நம்ம தெருவுல கேக்கறது ஒண்ணு. எதிரியோட மைக்ல போய்ப் பேசறது வேற ஒண்ணு. இதுல கோடு ரொம்ப தெளிவா இருக்கு.

ரெண்டாவது, திரும்பி வர்ற அன்னிக்கு. இது எங்க வீட்டு விஷயம்.

அமைதிப்படை போனப்போ தமிழ்நாட்டுல எவ்ளோ எதிர்ப்பு இருந்துச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த எதிர்ப்புக்கு காரணமும் இருந்துச்சு, 1987 அக்டோபர் 21ந்தேதி தீபாவளி அன்னிக்கு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள படை புகுந்து டாக்டர், நர்ஸ், நோயாளிங்கன்னு சுட்டுக் கொன்னது நடந்த விஷயம், அதை பேசாம இருக்கணும்னு எந்த ஜவான் பேரைச் சொல்லியும் யாரும் கேக்க முடியாது. பெரியப்பா அந்த ஆஸ்பத்திரி பக்கம் இல்ல, வேற எடத்துல இருந்தாரு, ஆனா அதைப் பத்தி பேச்சு வந்தா இன்னிக்கும் தலையை குனிஞ்சுக்குவாரு. நான் அவர்கிட்ட நேராவே கேட்டேன், இங்க நாங்க எல்லாம் அமைதிப்படைய திட்டினது உங்களுக்கு அங்க தெரியுமா, மனசு உடைஞ்சுதான்னு.

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "மெட்ராஸ்ல யார் என்ன மீட்டிங் போட்டாங்கன்னு எங்களுக்கு அங்க எங்கடா தெரியும். ஒரு நாள் செக்போஸ்ட்ல ஒரு கெழவி வந்துச்சு, பையை தொறந்து காட்ட சொன்னேன். என் பேச்சைக் கேட்டுட்டு மூஞ்சியை நிமிந்து பாத்துச்சு. 'தம்பி, நீங்களும் தமிழ் ஆக்களோ'ன்னு கேட்டுச்சு. அவ்ளோதான் கேட்டுச்சு, திட்டல, ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள் எனக்கு சோறு எறங்கல."

அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு அவரே சொன்னாரு, 1990 மார்ச்ல கப்பல்ல மெட்ராஸ் வந்து எறங்கினதைப் பத்தி. அப்போ முதலமைச்சரா இருந்த கருணாநிதி வரவேற்பு நிகழ்ச்சிக்கு போகல, தமிழ் ஜனங்களை கொன்ன படையை வரவேற்க மாட்டேன்னுட்டாரு. அரசியலா அவர் எடுத்த முடிவு, அதுக்கு பின்னாடி நம்ம ஜனங்களோட நெஜமான வேதனை இருந்துச்சு. ஆனா அந்தக் கப்பல்லேர்ந்து எறங்கினவங்கள்ல வேலூர்க்காரனும் திருநெல்வேலிக்காரனும் இருந்தான், கூட வந்தவங்கள்ல ஆயிரத்துக்கும் மேல அங்கேயே செத்துப் போயிருந்தாங்க, அவனை அனுப்பினது யாரு, அவனா கேட்டுக்கிட்டு போனான்? "அனுப்பினவன திட்டு, நான் வேணாங்கல, ஏன் எங்களை அனுப்பினன்னு நானே கேப்பேன். ஆனா சொந்த ஊருக்கு வரும்போது மூஞ்சியை திருப்பிக்கிட்டீங்களேடா"ன்னாரு. அவரை உடைச்சது ரெண்டு வருஷம் இங்க கேட்ட கேள்விங்க இல்ல, அந்த ஒரு நாள்.

அப்போ எப்படி எழுதறது, எப்படி பேசறது

மேல சொன்னதிலேர்ந்து நான் வீட்டுல எல்லாருக்கும் சொல்ற விஷயங்கள் இது.

வாக்கியத்துல எழுவாய் யாருன்னு பாருங்க. "ராணுவம் ஏன் பண்ணல"ன்னு கை தன்னால எழுதிடும், ஏன்னா சேனல்ல அப்படித்தான் பேசறாங்க. ஆனா எங்க போகணும், எப்போ போகணும், எவ்ளோ ஷூ வாங்கணும்னு முடிவு பண்றது அரசாங்கம், மந்திரி, சில நேரம் மேல்மட்ட அதிகாரிங்க. முடிவு பண்ணவங்க பேரை எழுதுங்க. தப்பு செஞ்சது படைன்னா, ஆஸ்பத்திரி மாதிரி ஒரு விஷயம்னா, எந்த எடம் எந்த தேதின்னு குறிப்பா எழுதுங்க, யூனிஃபார்ம் போட்ட எல்லாரையும் சேர்த்து ஒரே வார்த்தையில திட்டாதீங்க.

படை எங்க நகருது, எந்த ஸ்டேஷன்ல ட்ரெயின் நிக்குது, உங்க வீட்டு மொட்டை மாடிலேர்ந்து என்ன தெரியுது, இதெல்லாம் போட்டோவோ வீடியோவோ போடவே கூடாது. வேடிக்கை என்னன்னா இந்தத் தப்பை அதிகமா பண்றது கேள்வி கேக்கறவங்க இல்ல, பெருமையா "நம்ம பசங்க கெளம்பிட்டாங்க"ன்னு போடறவங்கதான், ரெண்டும் ஒரே ஆபத்து.

சர்வீஸ்ல இருக்கற ஆளை இதுல இழுக்காதீங்க. உங்க மச்சான் ஆர்மியில இருக்கான்னா அவனை டேக் பண்ணி நீ சொல்லு மச்சான்னு கேக்காதீங்க, ராணுவச் சட்டப்படி அவன் வெளிப்படையா அரசியல் பேச முடியாது, மாட்டிக்குவான். அவன் வாயை தொறக்க முடியாதுங்கறதுக்காகத்தான் வெளிய இருக்கற நாம கேக்கணும். ரிட்டயர் ஆனவங்ககிட்ட கேளுங்க, அவங்க பேசலாம், ஆனா அவங்க சொன்னதை உங்க கட்சிக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டாதீங்க. பெரியப்பா சொன்னதை இங்க எழுதறதுக்கு முன்னாடி அவர்கிட்ட படிச்சுக் காட்டித்தான் எழுதியிருக்கேன்.

ஊருக்கு உடல் வந்த அன்னிக்கு வாதம் வேணாம். அன்னிக்கு போய் நில்லுங்க, அவ்ளோதான், நாளைக்கும் நாள் இருக்கு. ஆனா "துக்கம் முடியட்டும்"னு சொல்லிச் சொல்லியே வருஷக்கணக்குல தள்ளிப்போட விடாதீங்க.

சாமான், சாப்பாடு, லீவு, பென்ஷன், ஊனமுற்றவங்களுக்கு வர வேண்டிய பணம் இதையெல்லாம் பத்தி கேக்கறதுக்கு எந்தத் தயக்கமும் வேணாம். சண்டை நடந்துக்கிட்டு இருக்கும்போதே கேளுங்க. பிரான்ஸ்ல லீவு கொடுத்ததுக்கும் நம்ம ஊர்ல மலைப்படைக்கு ஷூ வந்ததுக்கும் யாரோ சத்தம் போட்டதுதான் ஆரம்பம்.

யாராவது "சிப்பாய் மனசு"ன்னு ஆரம்பிச்சா கோவப்படாம மூணு கேள்வி கேட்டுப் பாருங்க, எந்த சிப்பாய், அவன் எங்க எப்போ சொன்னான், அவனுக்கு லீவு கெடைச்சுதா. மூணாவது கேள்விக்கு முக்காவாசிப் பேர்கிட்ட பதில் இருக்காது, ஏன்னா அவங்க அவனை நெனைச்சு அதைச் சொல்லல. சில பேர் நெஜமாவே பயத்துல சொல்வாங்க, வீட்டுப் பையன் எல்லையில இருப்பான், அந்த அம்மாகிட்ட வாதம் பண்ணாதீங்க, தம்பி போன் பண்ணானான்னு கேளுங்க.

தம்பி பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரி பெரியப்பா போன்ல அவகிட்ட என்ன எழுதினன்னு திரும்ப படிக்கச் சொல்லியிருக்காரு. அவ "ஆர்மி ஏன் அந்த ஜனங்களை வெளிய கூட்டிட்டு வரல"ன்னு எழுதியிருந்திருக்கா. "ஆர்மி"ய எடுத்துட்டு "அரசாங்கம்"னு போடு, பூஞ்ச்ல செத்தவங்க குடும்பத்துக்கு ஒரு வரி எழுது, அப்புறம் அனுப்புன்னு சொல்லியிருக்காரு. அவ அனுப்பினா. அதுக்கு கீழ முதல் ஆளா பெரியப்பா எழுதினாரு, எங்க குரூப்ல அவர் ஃபார்வர்டு தவிர சொந்தமா டைப் பண்ணது அன்னிக்குத்தான் நான் பாத்தேன்: "சரியான கேள்வி. நானும் கேக்கறேன். முன்னாள் ஹவில்தார்."